கிணற்றுக்குள் மோட்டார், டாங்கிக்குள் பம்பு

வாழப்பாடியிலிருந்து நேயர் ஒருவர் நமக்கு நீண்டதொரு கடிதம் எழுதியிருக்கிறார். 1950-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட எம்.ஜி. டி.டி. என்னும் இரண்டு ஆசன ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று அவரிடம் இருக்கிறதாம். ஐப்பசி மழையிலும் மார்கழிப் பனியிலும் அந்த வண்டி குதிரைக்குட்டியைப் போல் துள்ளி ஓடுகிறதாம். சித்திரை பிறந்துவிட்டாலோ, வாழப்பாடிக்கும் சேலத்துக்கும் நடுவே எங்கேயாவது நின்று விடுகிறதாம். அரைமணி நேரம் நிழலில் நிறுத்தி வைத்தால், ஒன்றுமே நடவாததுபோல் மறுபடியும் கிளம்புகிறதாம்.

ஒரு மெக்கானிக், "பெட்ரோல் டாங்கியை வெட்டி உள்ளே ஒரு மின்சாரப் பம்பை வைத்துவிடலாம், தற்காலத்துக் கார்களில் எல்லாம் அப்படித்தான்" என்று யோசனை சொன்னாராம். வீட்டு அம்மாளோ, "பெட்ரோலுக்குள் மின்சாரமா? வைக்கோற்போரில் விளக்கேற்றி வைக்கும் காரியமல்லவா?" என்று தடையுத்தரவு போட்டுவிட்டாராம். இருவரில் யார் பேச்சைக் கேட்பது என்று நேயர் நம்மைக் கேட்கிறார்.

குடும்ப விவகாரத்தில் புகுந்து தீர்ப்புச் சொல்வது பத்திரிகைக்காரனுக்கு அபாயமான தொழில். ஆனாலும் வாழப்பாடிக்கும் பெட்ரோலுக்கும் உள்ள சம்பந்தம் லேசானதல்ல. அந்த ஊரின் பெயரையே தம் பெயராகக் கொண்டு விளங்கிய வாழப்பாடி ராமமூர்த்தி 1998-99-ல் மத்திய பெட்ரோலிய மந்திரியாக இருந்தவர். அப்பேர்ப்பட்ட ஊரில் ஒரு வண்டி பெட்ரோல் இருந்தும் பெட்ரோல் கிடைக்காமல் நிற்பதா? ஆகையால் விஷயத்தை ஆதியோடந்தமாக ஆராய்ந்து பார்ப்போம்.

குக்கரும் ஏற்காடும்

முதலில், வெயிலில் வண்டி ஏன் நிற்கிறது? இதற்கு விடை நம் வீட்டு அடுப்பங்கரையிலேயே இருக்கிறது.

தண்ணீர் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். சமவெளிக்கு அது சரி. சுமார் 5,000 அடி உயரத்திலுள்ள ஏற்காட்டில் காற்றின் அழுத்தம் குறைவு. அங்கே சுமார் 95 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும். பருப்பு வேக நேரமாகிறது என்று அங்கே குடித்தனம் செய்பவர்கள் சொல்வது இதனால்தான். பிரஷர் குக்கரில் இதற்கு நேர் எதிரிடை. மூடியின் மேலுள்ள குண்டு ஆவியை அடக்கி வைப்பதால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. தண்ணீர் சுமார் 120 டிகிரி வரையில் கொதிக்காமல் பொறுத்துக் கொள்கிறது. அழுத்தம் குறைந்தால் திரவம் சீக்கிரம் கொதிக்கும். அழுத்தம் கூடினால் தாமதமாகக் கொதிக்கும். இந்த ஒரு சூத்திரத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

பெட்ரோல் தண்ணீரைப்போல் ஒரே திரவமன்று; பல திரவங்களின் கூட்டம். அந்தக் கூட்டத்தில் பொறுமையில்லாத சில, 40 டிகிரிக்குள்ளாகவே ஆவியாகக் கிளம்பிவிடும். சாவதானமான சில 200 டிகிரி வரையில் காத்திருக்கும். சித்திரை மாதத்தில் சேலம் சீமையின் நிழலிலேயே 100 டிகிரி பாரன்ஹீட் தாண்டுகிறது. தார்ச் சாலையின் மேலும், எஞ்சின் மூடிக்குள்ளும் உள்ள உஷ்ணத்தைச் சொல்லவே வேண்டாம்.

நேயரின் எம்.ஜி. டி.டி. வண்டியில் பெட்ரோல் டாங்கி பின்னால் இருக்கிறது. 'எஸ்.யூ.' என்னும் மின்சாரப் பம்பு முன்னால், எஞ்சினுக்கு அடுத்த தடுப்புத் தகட்டில் இருக்கிறது. அந்தப் பம்பு டிக் டிக்கென்று அடித்துக்கொண்டு, ஏழெட்டு அடி நீளக் குழாய் வழியாகப் பெட்ரோலை உறிஞ்சுகிறது. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்த பெட்ரோல், உஷ்ணமும் சேர்ந்தவுடன், குழாய்க்குள்ளேயே குமிழிவிட்டு ஆவியாகிறது. திரவத்தைத் தள்ளுவதற்காகச் செய்த பம்பு ஆவியை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? வெறுமே அடித்துக் கொள்கிறது. கார்புரேட்டர் வற்றுகிறது. வண்டி நிற்கிறது. குளிர்ந்தபின் ஆவி மறுபடியும் பெட்ரோலாகிறது, வண்டி கிளம்புகிறது. மோட்டார் தொழிலில் இதற்கு 'வேப்பர் லாக்' என்று பெயர். அம்பாஸடர், பியட் வண்டிகளின் காலத்தில் மலைப்பாதை டிரைவர்கள் ஈரத் துணியைப் பம்பின் மேல் சுற்றி வைத்ததன் ரகசியம் இதுதான்.

கிணற்றில் கண்ட பாடம்

இனி, பம்பை டாங்கிக்குள் வைத்தால் என்ன லாபம்? இதை வாழப்பாடிக்காரர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அந்தப் பக்கத்துப் பாக்குத் தோப்புகள் எல்லாம் கிணற்று நீரை நம்பியவை. கவலை ஏற்றம் போய் மோட்டார் பம்பு வந்தபோது விவசாயிகள் ஒரு விஷயத்தைக் கண்டுகொண்டார்கள். மேட்டில் உட்கார்ந்திருக்கும் பம்பு எவ்வளவு பலசாலியானாலும் சுமார் 25 அடிக்குக் கீழேயுள்ள தண்ணீரை உறிஞ்சத் திணறும். சாஸ்திரப்படியே 34 அடிதான் எல்லை. காற்றின் அழுத்தம் தண்ணீரை அதற்கு மேல் தூக்காது. தள்ளுவதற்கோ அப்படி எல்லை கிடையாது. ஆகவே நீர்மட்டம் இறங்க இறங்க, கிணற்றின் நடுவே மேடை கட்டி மோட்டாரைக் கீழே இறக்கினார்கள். கடைசியில் ஆழ்துளைக் கிணறு வந்தபோது, மோட்டாரையும் பம்பையும் ஒன்றாக மூடித் தண்ணீருக்குள்ளேயே இறக்கிவிட்டார்கள். கோயம்புத்தூர்ச் சீமையின் பட்டறைகள் இந்த நீர்மூழ்கிப் பம்புகளைச் செய்து தேசமெங்கும் அனுப்புகின்றன. இந்தியாவில் செய்த முதல் மின்சார மோட்டார் என்று போற்றப்படுவதும் 1937-ல் அந்தக் கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து உருவாக்கியதுதான்.

டாங்கிக்குள் வைக்கும் பெட்ரோல் பம்பும் இந்த நீர்மூழ்கிப் பம்பின் தம்பியே. அது பெட்ரோலில் மூழ்கி உட்கார்ந்திருப்பதால் உறிஞ்ச வேண்டியதில்லை, தள்ளினால் போதும். டாங்கியிலிருந்து எஞ்சின் வரையில் குழாய் முழுவதும் அழுத்தத்தில் இருக்கிறது. குக்கருக்குள் இருக்கும் தண்ணீரைப்போல் அந்தப் பெட்ரோலும் எளிதில் கொதிக்காது. மெக்கானிக் சொன்ன யோசனையில் சாரமிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு இது அபசாரம் என்று சொல்வாரும் உண்டு. அவர்களுக்கு ஒரு சரித்திரச் செய்தி. 1961-ல் ஜினீவா கண்காட்சியில் வெளிவந்து உலகத்தையே மயக்கிய ஜாகுவார் இ-டைப் காரின் முதல் ரகத்தில், லூக்காஸ் கம்பெனியாரின் மின்சாரப் பம்பு டாங்கிக்குள்ளேதான் மூழ்கியிருந்தது. 1964-ல் 4.2 லிட்டர் எஞ்சின் வந்தபோது, அதைக் கைவிட்டு எஸ்.யூ. பம்பை டாங்கிக்கு வெளியே வைத்தார்கள். உள்ளிருக்கும் பம்பில் உள்ள சிரமம் கண்கூடு: பழுதானால் டாங்கியைத் திறந்தே ஆகவேண்டும். பிற்காலத்தில் கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் முறை வந்ததும், டாங்கிக்குள் பம்பு மறுபடியும் வந்து நிலைத்துவிட்டது. நம் தேசத்தில் 2000-ஆம் ஆண்டையொட்டி மாருதி 800 முதலிய கார்கள் இந்த முறைக்கு மாறின.

அம்மாளின் கட்சி

"அதெல்லாம் இருக்கட்டும், பெட்ரோலுக்குள் தீப்பொறி பறந்தால் என்ன ஆவது?" என்பது அம்மாளின் கேள்வி. நியாயமான கேள்வி. பதில் சற்று விசித்திரமானது.

பெட்ரோல் ஆவி தீப்பற்றுவதற்குக் காற்று வேண்டும். அதுவும் அளவோடு வேண்டும். நூறு பங்கு கலவையில் ஆவி சுமார் ஒன்றரைப் பங்குக்குக் குறைந்தாலும் எரியாது. சுமார் ஏழரைப் பங்குக்கு மிஞ்சினாலும் எரியாது. பெட்ரோல் உள்ள டாங்கியின் மேல்வெளியில், நம் ஊர் உஷ்ணத்தில், ஆவி இந்த எல்லைக்கு வெகுவாக மிஞ்சியிருக்கிறது. பம்பின் மோட்டாருக்குள்ளோ பெட்ரோல் நிரம்பி ஓடிக்கொண்டிருக்கிறது. காற்றுக்கு அங்கே இடமில்லை. கோடிக்கணக்கான கார்கள் இவ்விதம் டாங்கிக்குள் பம்பை வைத்துக்கொண்டுதான் ஓடுகின்றன.

ஆனால் இதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால் அம்மாளின் பயம் எங்கே பலிக்கும் என்பது விளங்கும். டாங்கியைக் காலி செய்து மூடியைத் திறந்து வைத்ததும் காற்று உள்ளே புகுகிறது. ஆவி குறைந்து, எரியக்கூடிய அந்த ஒன்றரைக்கும் ஏழரைக்கும் நடுவில் வந்து நிற்கிறது. நிறைந்த டாங்கியைவிடக் காலி டாங்கி அபாயமானது என்பது இதனால்தான். அந்தச் சமயத்தில் "டாங்கியை வெட்டிப் பற்றவைக்கிறேன்" என்று வெல்டிங் விளக்கைக் கொண்டு போனால், டாங்கி வெடிகுண்டாகிவிடும். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி அலம்பிவிட்டோம் என்ற தைரியம் உதவாது. தகட்டு மடிப்புகளிலும் துருவிலும் ஒளிந்திருக்கும் பெட்ரோல் சூடு பட்டவுடன் ஆவியாகி வெளிவரும். உயிருக்கு உலைவைக்கும் இடம் இந்தப் பற்றவைப்பு வேலைதான்.

இரண்டாவது அபாயம் டாங்கிக்கு வெளியே இருக்கிறது. டாங்கிக்குள் வைக்கும் இன்ஜெக்‌ஷன் பம்பு சதுர அங்குலத்துக்கு 43 பவுண்டு அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளக்கூடியது. நேயரின் வண்டியிலுள்ள இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர்களுக்கு 3 பவுண்டுக்கு மேல் ஆகாது. உண்மையில் அதைவிடக் குறைவே போதும். அதிகமாகத் தள்ளினால் மிதவைக் கிண்ணத்தின் ஊசி வால்வு பிடித்து நிற்க மாட்டாமல், பெட்ரோல் வழிந்து கொதிக்கும் எக்ஸாஸ்ட் குழாயின் மேல் விழும். எழுபது வருஷத்துக் குழாயும் கிளிப்பும் அந்த அழுத்தத்தைத் தாங்குமென்று எதிர்பார்க்கவும் கூடாது. மேலும் ஒன்று: எஞ்சின் நின்றாலும், வண்டி மரத்தில் மோதிக் கவிழ்ந்தாலும், சாவி திருப்பியிருக்கும் வரையில் மின்சாரப் பம்புக்கு அது தெரியாது. அறுந்த குழாய் வழியே பெட்ரோலைத் தெளித்துக் கொண்டேயிருக்கும்.

முதலில் நோயைப் பார்க்கவும்

ஆகையால் மருந்து வாங்குமுன் நோய் இன்னதென்று தெரிந்துகொள்ள வேண்டும். வெயிலில் நிற்கும் வண்டி எல்லாம் வேப்பர் லாக்கினால் நிற்பதில்லை.

வண்டி நின்றவுடன் டாங்கி மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தால், மூடியின் காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறது என்று பொருள். ஒரு மெல்லிய கம்பியில் தீருகிற வியாதி. அடுத்தபடி, பம்பின் மேலும் குழாயின் மேலும் ஈரத் துணியைப் போடுங்கள். ஐந்து நிமிஷத்தில் எஞ்சின் கிளம்பினால் சந்தேகம் பெட்ரோல் பக்கம். கிளம்பாவிட்டால் இக்னிஷன் காயிலையும் கண்டென்ஸரையும் பரிசோதியுங்கள். உஷ்ணத்தில் படுத்துக்கொள்ளும் வழக்கம் அவற்றுக்கும் உண்டு.

பெட்ரோல்தான் காரணம் என்றாலும், அது கொதிப்பது குழாயிலா, கார்புரேட்டர் கிண்ணத்திலா என்பது மற்றொரு கேள்வி. எம்.ஜி. டி.டி. எஞ்சினில் கார்புரேட்டர்களும் எக்ஸாஸ்ட் குழாயும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. கிண்ணத்தில் கொதிக்கும் பெட்ரோலுக்கு டாங்கிக்குள் எத்தனை பம்பு வைத்தாலும் பயனில்லை. நடுவே ஒரு தகட்டுத் தடுப்பு வைத்தால் நிவாரணம் கிடைக்கும், செலவும் சொற்பம்.

இவ்வளவும் செய்தபின் நோய் குழாயில்தான் என்று தெரிந்தால், நமது முதல் சிபாரிசு இது: டாங்கியைத் தொடவே வேண்டாம். பழைய எஸ்.யூ. பம்பைப்போல் குறைந்த அழுத்தம் உள்ள பம்பு ஒன்றைப் பின்னால், டாங்கிக்கு அருகில், அதன் அடிமட்டத்தையொட்டிப் பொருத்துங்கள். எம்.ஜி. கம்பெனியாரே 1955-ல் எம்.ஜி.ஏ. காரைக் கொண்டுவந்தபோது பம்பைப் பின்னால்தான் வைத்தார்கள். உறிஞ்சும் தூரம் சில அங்குலமாகிறது. மீதித் தூரம் முழுவதும் தள்ளுவதுதான். மெக்கானிக் விரும்பிய லாபத்தில் பெரும்பகுதி கிடைக்கிறது. அம்மாள் அஞ்சிய பற்றவைப்பு வேலையும் இல்லை.

உள்ளேதான் வைப்பதென்றால்

இன்ஜெக்‌ஷன் முறைக்கு மாற்றுவதாலோ வேறு காரணத்தாலோ டாங்கிக்குள்தான் பம்பு வைக்கவேண்டும் என்று தீர்மானிப்பவர்களும் உண்டு. அவர்களுக்குச் சில வார்த்தைகள்.

பழைய டாங்கியை அப்படியே எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, அதே அளவில் புதிய டாங்கி செய்து கொள்வது உத்தமம். புதிய டாங்கியில் பெட்ரோல் ஊற்றுவதற்கு முன்பே பற்றவைப்பு வேலை யாவும் முடிந்துவிட வேண்டும். பம்பைச் சுற்றி ஒரு கிண்ணம் அமைக்க வேண்டும். ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கும். கிண்ணமில்லாவிட்டால் பம்பு காற்றைக் குடிக்கும். பம்பைக் குளிர்விப்பது அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான். டி.டி. காரில் பெட்ரோல் மானி கிடையாது. தீரும் தறுவாயில் ஒரு பச்சை விளக்குத்தான் எரியும். அந்த விளக்கு எரியும் வரையில் ஓட்டும் பழைய வழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

டாங்கிக்குள் போடும் ரப்பர்க் குழாய் உள்ளும் புறமும் பெட்ரோலில் ஊறுவதற்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். கடையில் 'எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்10' என்று கேட்டு வாங்குங்கள். சாதாரணக் குழாய் சில மாதங்களில் இளகிவிடும். கார்புரேட்டரை வைத்துக்கொள்வதானால், மிகுதிப் பெட்ரோலை டாங்கிக்குத் திருப்பி அனுப்பும் ரெகுலேட்டரும் திரும்புகுழாயும் அவசியம். அந்தச் சிறிய எஞ்சின் முழு வேகத்தில்கூட மணிக்குச் சுமார் 20 லிட்டர்தான் குடிக்கும். பம்போ அதைப்போல் பல மடங்கு அனுப்பும். போக்கிடமில்லாமல் அடைத்து வைத்தால் பம்பு சூடேறிச் சாகும்.

மின்சார விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. பழைய இங்கிலீஷ் வண்டிகளில் பாட்டரியின் பாஸிடிவ் முனைதான் சட்டத்தோடு இணைந்திருக்கும். தற்காலத்துப் பம்பை அறியாமல் அதில் இணைத்தால், ஒன்று தலைகீழாகச் சுற்றும், அல்லது அதனுள் மின்னணுச் சர்க்கியூட் இருந்தால் கருகிப் போகும். பழைய டைனமோவின் சக்தியும் சுமார் 20 ஆம்பியர்தான். இரவில் விளக்குகளுக்கு மேல் பெரிய பம்பும் சேர்ந்தால் பாட்டரி வற்றிவிடும்.

உள்ளே வைத்தாலும் வெளியே வைத்தாலும், பம்புக்கு முன்னதாக வாங்கவேண்டிய சாமான் ஒன்று உண்டு: மோதலில் மின்சாரத்தைத் துண்டிக்கும் 'இனர்ஷியா ஸ்விட்ச்'. காந்தம் பிடித்து வைத்திருக்கும் ஒரு இரும்புக் குண்டு, வண்டி மோதிய அதிர்ச்சியில் விடுபட்டு ஸ்விட்சைத் தட்டிவிடும், பம்பு நின்றுவிடும். அவ்வளவுதான் அதன் சூட்சுமம். இதோடு, எஞ்சின் ஆயிலின் அழுத்தம் விழுந்தவுடன் பம்பை நிறுத்தும் ஸ்விட்ச், தக்க பியூஸ், கைக்கெட்டும் இடத்தில் ஒரு தீயணைப்புக் கருவி ஆகியவையும் சேரவேண்டும். இவை இல்லாமல் பம்பு மட்டும் பொருத்துகிறேன் என்பவரிடம் வண்டியை விடாமல் திரும்பிவிடுவதே விவேகம்.

எண்ணெயிலும் மாறுதல்

இன்று நாம் வாங்கும் பெட்ரோலும் அந்த வண்டி பிறந்த காலத்துப் பெட்ரோல் அன்று. கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் உடைந்த அரிசியிலிருந்தும் வடிக்கும் எத்தனால், 2022-ல் நூற்றுக்குப் பத்துப் பங்கும் 2025-ல் இருபது பங்கும் பெட்ரோலில் கலந்தாயிற்று. அந்நிய எண்ணெய்க்குப் போகும் பணத்தில் ஒரு பகுதி நம் விவசாயிக்கு வருவது தேசத்துக்கு நல்லதே. ஆனால் பழைய வண்டியின் ரப்பர் வாஷர்களும் பம்பின் சவ்வும் எத்தனாலுக்கென்று செய்தவை அல்ல. ஊறி உப்பி வெடிக்கும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். நாட்கணக்கில் நின்ற டாங்கியின் அடியில் தண்ணீர் பிரிந்து துருப்பிடிக்கும். சித்திரை வெயிலுக்கு முன் எந்தப் பம்பை வைத்தாலும், குழாய், வாஷர், சவ்வு அனைத்தையும் எத்தனாலைத் தாங்கும் புதிய சரக்காக மாற்றிவிட வேண்டும்.

கடைசியாகச் சட்டம். 50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளை 'விண்டேஜ்' வண்டிகளாகப் பதிவு செய்ய 2021-ல் மத்திய சர்க்கார் விதிகள் வெளியிட்டது. பத்து வருஷத்துக்குச் செல்லும் அந்தப் பதிவில் 'வி.ஏ.' என்ற எழுத்துக்களோடு எண் கிடைக்கும். சட்டம், உடல், எஞ்சின் இவற்றில் பெரிய மாறுதல் செய்யாமல் பழைய வடிவிலேயே வண்டி இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பம்பைப்பற்றி அந்த நிபந்தனையில் பேச்சில்லை. ஆயினும் எந்த வேலையையும் பிறகு சுவடில்லாமல் கழற்றக்கூடியபடி செய்வதுதான் முறை. பம்பை மாட்ட, உள்ள துவாரங்களையே பயன்படுத்துங்கள். புதிதாகத் துளை போடாதீர்கள்.

ஆகவே வாழப்பாடி நேயருக்கு நமது யோசனை: இந்த வாரம் மூடியின் துவாரத்தைச் சோதியுங்கள், அடுத்த வாரம் தகட்டுத் தடுப்பு. அதற்கும் மசியாவிட்டால் பின்பக்கத்தில் சின்னப் பம்பு, இனர்ஷியா ஸ்விட்சுடன். மெக்கானிக் சொன்ன இடம் சரி. வெட்டச் சொன்னது தவறு. அம்மாள் பயந்தது நியாயம். பயந்த இடம் மட்டும் கொஞ்சம் தள்ளியிருக்கிறது. கழற்றிய பழைய பம்பை எண்ணெய் தடவித் துணியில் சுற்றி, எந்த வண்டியுடையது என்று சீட்டெழுதிக் கட்டி, பரண்மேல் வையுங்கள். பேரப் பிள்ளைகள் கேட்பார்கள்.